மீளப்பெற்ற பீனட் பட்டரால் பிள்ளைக்குச் சுகமில்லாமல் போனது: எங்கே முறையிடுவது?

வெள்ளவத்தை அப்பா எழுதியது:

வணக்கம். எங்கள் மகளுக்கு ஆறு வயது. ஆகஸ்ட் 4ஆம் திகதி இரவு காய்ச்சலும் வயிற்றோட்டமும் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் யாரிடமோ தொற்றியிருக்கும் என்று ஜீவனி கரைத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தோம். அடுத்த நாள் மத்தியானம் மலத்தில் இரத்தம் கண்டதும் ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்கு ஓடினோம். ஐந்து நாள் வார்ட்டில். சேலைன் ஏற்றிய கை வீங்கி, மற்றக் கைக்கு மாற்றினார்கள். மலப் பரிசோதனையில் சல்மொனெல்லா என்ற கிருமி இருப்பதாக வந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை கழித்து, வெளிநாட்டில் இருக்கும் என் மச்சாள் வட்ஸ்அப்பில் ஒரு அறிவித்தலை அனுப்பினார். நாங்கள் வாங்கும் அதே பீனட் பட்டரை, அது தயாராகும் நாட்டில், சல்மொனெல்லா இருக்கலாம் என்று சந்தையில் இருந்து மீளப் பெற்றிருக்கிறார்கள். அலுமாரியைத் திறந்து போத்தலை எடுத்துப் பார்த்தேன். மூடிக்குக் கீழே கறுப்பு மையில் அடித்திருந்த தொகுதி இலக்கம் அறிவித்தலில் இருந்த வரிசைக்குள்ளேயே வருகிறது. போத்தலில் பாதி இருக்கிறது. உள்ளே கத்தி வழித்த கோடுகள் அப்படியே தெரிகின்றன. மனைவி ஒவ்வொரு காலையும் பாணில் பூசிக் கொடுத்தது. "நான்தானே கொடுத்தேன்" என்று அன்று முழுக்க அழுதார். மற்ற இருவருக்கும் ஒன்றும் இல்லை. நாங்கள் அதைத் தொடுவதில்லை, மகளுக்கு மட்டும்தான் வாங்குவது.

வாங்கியது வெள்ளவத்தையில், வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையில். ஜூலை 19. பில் இல்லை, ஆனால் கார்டில் கட்டியதால் வங்கியில் இருந்து வந்த குறுஞ்செய்தி போனில் இருக்கிறது. போத்தலில் இங்கே இறக்குமதி செய்தவரின் பெயரோ விலாசமோ ஒட்டப்படவில்லை. கடைக்காரரிடம் சொன்னேன். வேறு போத்தல் தருவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்று வெளியே வந்தேன். மூன்று நாள் கழித்துப் போனால் தட்டில் அந்தச் சாமானே இல்லை.

எனக்கு இரண்டு கிழமைச் சம்பளம் போய்விட்டது, மனைவி டியூஷன் வகுப்புகளை நிறுத்தினார், வைத்தியசாலைக்குப் போக முன்பும் பிறகும் தனியார் டொக்டருக்கும் பரிசோதனைக்கும் காசு போனது. காசை விட, இதே போத்தல் இன்னும் எத்தனை வீட்டில் பாணில் பூசப்படுகிறது என்ற எண்ணம்தான் நித்திரை விடாமல் இருக்கிறது. அந்த நாட்டில் வழக்குப் போடுவார்கள் என்கிறார் மச்சாள். நாங்கள் அதில் சேரலாமா? இங்கே யாரிடம் போக வேண்டும்? சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பெரிய தொகை எங்களிடம் இல்லை.

பழைய பி.எச்.ஐ. எழுதியது:

தம்பி, முதலில் போத்தலை எறியாதீர்கள். இனித் திறக்கவும் வேண்டாம். மூடியை இறுக்கி, இரண்டு சுத்தமான பைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, திகதியும் நேரமும் எழுதிய தாளை வெளிப் பைக்குள் போட்டு, சாப்பாட்டுச் சாமானோடு கலக்காமல் பிரிட்ஜில் ஒரு மூலையில் வையுங்கள். தொகுதி இலக்கம் தெளிவாகத் தெரியும்படி நாலு பக்கமும் படம் எடுங்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக நான் நிறையக் கடைகளுக்குள் ஏறி இறங்கியவன். ஆகவே ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். உங்கள் வீட்டுப் போத்தல் திறந்த போத்தல். அதில் கிருமி இருந்தாலும், "உங்கள் வீட்டுக் கத்தியில் இருந்து போயிருக்கும்" என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். கடையில், அல்லது பின்னால் உள்ள களஞ்சியத்தில், அதே தொகுதி இலக்கத்தோடு சீல் உடைக்காத போத்தல் கிடைத்தால்தான் உங்கள் கதை நிற்கும். அதை நீங்கள் எடுக்கப் போகாதீர்கள். மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ், அதிகாரம் பெற்ற பரிசோதகர் மாதிரி எடுத்து பகுப்பாய்வாளருக்கு அனுப்பினால்தான் அந்த அறிக்கைக்கு நீதிமன்றத்தில் மதிப்பு. தட்டில் இருந்து சாமான் போய்விட்டது என்கிறீர்கள், ஆனபடியால் இன்றைக்கே போங்கள்.

உணவு நஞ்சாதல் இந்த நாட்டில் அறிவிக்க வேண்டிய நோய். வைத்தியசாலை அறிவித்தல் படிவம் (544 என்போம்) நிரப்பி அனுப்பியதா என்று கேளுங்கள். அப்படி அனுப்பியிருந்தால் பரிசோதகர் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் சுகாதார மருத்துவ அதிகாரியின் அலுவலகத்தில் கேட்பதில் தவறே இல்லை. அதோடு ஆய்வுகூடத்தில் மகளின் மலத்தில் இருந்து வளர்த்த கிருமியை இன்னும் வைத்திருக்கிறார்களா, அதன் வகையைப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். போத்தலில் கிடைக்கும் கிருமியும் அதே வகையா என்று ஒப்பிடத்தான். பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அதைப் பார்க்கலாம். நாள் போனால் கழித்துவிடுவார்கள்.

அப்புறம் உங்கள் மனைவிக்கு இதைச் சொல்லுங்கள். கச்சானை வறுக்கும்போது சல்மொனெல்லா சாகும். வறுத்த பிறகு தொழிற்சாலைக்குள் ஒழுகிய தண்ணீராலோ பறவை எச்சத்தாலோ திரும்பப் போய்ச் சேர்ந்தால், அந்தக் கொழுப்புக்குள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பெருகாது, ஆனால் சாகாது. நிறம் மாறாது, மணம் மாறாது. எந்தத் தாயாலும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

புதுக்கடைச் சட்டத்தரணி எழுதியது:

மேலே ஐயா சொன்னதை அப்படியே செய்யுங்கள். நான் சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

உங்களுக்கு முதலில் முக்கியமான திகதி அக்டோபர் 19. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கம், 13ஆம் பிரிவு. பொருள் சம்பந்தமான முறைப்பாட்டை விற்பனை நடந்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நோய் வந்த நாளில் இருந்து அல்ல, வாங்கிய நாளில் இருந்து. நிறையப் பேர் இதைத் தவறவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். விசாரித்த பின் நட்டஈடு கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ உத்தரவிட அதிகார சபையால் முடியும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம், ஆனால் அழைத்ததோடு நிற்காதீர்கள். கடிதமாகக் கொடுத்து, பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள்.

இரண்டாவது, உணவுச் சட்ட வழக்கு. அது நீதவான் நீதிமன்றத்தில் பரிசோதகர் போடும் குற்றவியல் வழக்கு. அதில் விதிக்கும் தண்டப்பணம் உங்களுக்கு வராது. குற்றவாளி என்று தீர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படியும் நீதவான் சொல்லலாம், அதைக் கேட்க வேண்டும். இங்கே கிடைக்கும் தீர்ப்பும் பகுப்பாய்வு அறிக்கையும் மற்ற வழக்குக்குப் பெரிய பலம்.

மூன்றாவது மாவட்ட நீதிமன்றம். உங்கள் நிலைமைக்கு இரண்டு வழி. கடைக்காரரிடம் நீங்கள் வாங்கியவர் என்பதால், 1896ஆம் ஆண்டு பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்ற பொருள் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே உள்ள நிபந்தனை. அவர் கவனமாக இருந்தாரா இல்லையா என்பது அங்கே பிரச்சினை இல்லை. ஆனால் மகள் வாங்கவில்லை, சாப்பிட்டவள். அவளுக்காகக் கேட்பது கவனயீனத்தின் அடிப்படையில், இங்கே பொதுச் சட்டமாக உள்ள உரோம-டச்சுச் சட்டப்படி, தயாரித்தவரிடமோ இறக்குமதியாளரிடமோ. ஸ்கொட்லாந்தில் ஒரு பெண், 1928இல் சிநேகிதி வாங்கிக் கொடுத்த இஞ்சிச் சோடாப் போத்தலில் செத்த நத்தை இருந்தது என்று வழக்குப் போட்டார். வாங்காதவருக்கும் தயாரித்தவர் பொறுப்பு என்று அப்போது பிரித்தானியாவின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1932இல் சொன்னது. இன்றைக்கும் நாங்கள் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறோம்.

நட்டத்துக்கான வழக்குக்கு காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இரண்டு வருடம்தான் தருகிறது. பிள்ளை சிறுவர் என்பதால் காலம் ஓடாது என்று யாராவது சொன்னால் அதை நம்பி இருக்காதீர்கள். சம்பளமும் டொக்டர் காசும் உங்களுடைய நட்டம். உங்களுக்கு அந்த இரண்டு வருடம்தான்.

காசு இல்லை என்றால் 1978இல் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். தலைமை அலுவலகம் புதுக்கடையிலேயே இருக்கிறது. வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். சம்பளச் சீட்டு, கிராம சேவகரின் கடிதம் இரண்டையும் கொண்டு போனால் ஒரு தடவை வீண் அலைச்சல் குறையும்.

ஒட்டு இல்லாத போத்தல் பற்றி: இறக்குமதி செய்தவரின் பெயர், விலாசம் லேபிளில் இருக்க வேண்டும் என்பது ஒழுங்குவிதி. இல்லாமல் விற்றதே தனி முறைப்பாடு. கடைக்காரர் யாரிடம் வாங்கினார் என்பதை அதிகார சபையின் விசாரணையில் சொல்ல வேண்டி வரும்.

டொரொண்டோவில் இருந்து ஒருவர் எழுதியது:

அண்ணா, அங்கே போய் வழக்கில் சேர்வது பற்றி. வட அமெரிக்காவில் இரண்டு வகை. வாங்கிய காசைத் திருப்பிக் கேட்கும் கூட்டு வழக்கு ஒன்று. நோயாளிகள் போடும் வழக்கு பெரும்பாலும் தனித்தனி. கொழும்பில் வாங்கி, கொழும்பில் சாப்பிட்டு, கொழும்பில் வைத்தியம் பார்த்தால், "உங்கள் நாட்டு நீதிமன்றத்துக்குப் போங்கள்" என்று அந்த நீதிமன்றம் திருப்பி அனுப்பக்கூடும். அந்தப் போத்தல் உத்தியோகபூர்வமாக இலங்கைக்கு அனுப்பப்பட்டதா என்பதையும் கேட்பார்கள்.

திறந்த போத்தல் பற்றி ஐயா சொன்னது எவ்வளவு சரி என்பதற்கு ஒன்று. அமெரிக்காவில் 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் பீனட் பட்டரால் 714 பேருக்கு சல்மொனெல்லா, 9 பேர் இறந்தார்கள். மினசோட்டாவில் முதலில் கிருமி பிடிபட்டது திறந்த வாளி ஒன்றில். அது சமையலறையில் கலந்ததாக இருக்கலாம் அல்லவா? பிறகு கனெக்டிகட்டில் திறக்காத வாளியிலும் அதே வகை வந்தது. அதன் பிறகு தொழிற்சாலையால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. முதலாளிக்கு 2015இல் 28 வருடச் சிறை.

மட்டக்குளி அம்மா எழுதியது:

தம்பி, என் மகனுக்கு ஒரு பால் பொருளால் இப்படி ஆனது. அதிகார சபையில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். நான் ஒரு சி.ஆர். கொப்பியில் நாள், நேரம், யாரோடு பேசினேன், என்ன சொன்னார்கள் எல்லாம் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கம்பனியின் ஆள் "பிள்ளைக்கு வேறு எங்கேயும் சாப்பாடு கொடுத்திருப்பீர்கள்" என்றதும் கொப்பியைத் திறந்து அந்த மூன்று நாள் சாப்பாட்டையும் வாசித்தேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மருந்துச் செலவும் கொஞ்சம் மேலேயும் கிடைத்தது. மகள் ஆகஸ்ட் 1இல் இருந்து 4 வரை என்ன சாப்பிட்டாள் என்று இன்றைக்கே மனைவியோடு இருந்து எழுதுங்கள், மறந்து போகும். காசு தருகிறோம், இதில் கையெழுத்து வையுங்கள் என்று யாராவது கடதாசியோடு வந்தால் சட்டத்தரணிக்குக் காட்டாமல் வைக்க வேண்டாம்.

வெள்ளவத்தை அப்பா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை மாநகர சபையில் முறைப்பாடு கொடுத்தேன். மத்தியானமே பரிசோதகர் இருவர் கடைக்குப் போனார்கள். தட்டில் இல்லை, பின்னறையில் ஒரு பெட்டிக்குள் ஒன்பது போத்தல், சீலோடு. மூன்றில் எங்கள் தொகுதி இலக்கம். மாதிரி எடுத்து, மிச்சத்தைக் கட்டி முத்திரை வைத்தார்கள். வீட்டுப் போத்தலையும் பற்றுச்சீட்டு தந்து வாங்கிக்கொண்டார்கள்.

வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் கிருமியை இன்னும் வைத்திருக்கிறார்கள். வகை பார்க்க அனுப்பச் சொல்லி டொக்டர் கையெழுத்து வைத்தார். அதிகார சபைக்கான கடிதத்தை மனைவி எழுதுகிறார், நாளைக்குக் கொண்டு போகிறேன். ஐயா சொன்ன கச்சான் வறுக்கும் கதையை அவரிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். மகள் இன்று பாணும் பருப்பும் சாப்பிட்டாள்.