மாஸ்டடானில் (ட்விட்டர் மாதிரி ஒரு சமூகத் தளம்; ஒரே கம்பெனி கையில் இல்லாமல், ஆளாளுக்குத் தனித்தனி சர்வர் வைத்து நடத்துவது) இருக்கும் மதுரைக்காரர்களே, உங்கள் அனுபவம் எப்படி?

செல்லூரிலிருந்து:
2022 அக்டோபரில் ட்விட்டர் ஈலான் மஸ்க் கைக்குப் போனதும் கிளம்பி வந்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். இங்கே தெரிந்த நண்பர்கள் சிலர் காசு போட்டு, சர்வர் வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். விளம்பரம் கிடையாது, பதிவுகள் நேர வரிசையில் வரும். அதெல்லாம் சரி, என்னைப் பிடித்து வைத்தது வேறு. சாதியைப் பேர் சொல்லாமல் ஜாடையாகத் திட்டும் பதிவைப் பெரிய தளங்களில் புகார் செய்தால் 'விதிமீறல் இல்லை' என்றுதான் பதில் வரும். இங்கே புகாரைப் படிப்பவருக்கு அந்த ஜாடை புரிந்தது. அன்றைக்கே தூக்கிவிட்டார்.

சிக்கல் சித்திரைத் திருவிழாவில் வந்தது. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று ஆளாளுக்குப் படம், வீடியோ. நம் ஆட்கள் போடுவது மட்டுமில்லை, நாம் பின்தொடரும் வெளி சர்வர்க்காரர்களின் படங்களும் ஒரு பிரதியாக நம் சர்வரில் வந்து உட்காரும். டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றுபோனது. கடவுச்சொல் அட்மின் அண்ணனிடம் மட்டும். அவர் ஆற்றுக்குள் கூட்டத்தில் நிற்கிறார், போனில் சிக்னல் இல்லை!

திருமங்கலத்திலிருந்து:
நான் 2019 நவம்பர் பேட்ச். வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கை முடக்கியபோது வந்தவன். நான் இருந்த சர்வரை நடத்தியவருக்கு வேலைச்சுமை, மூடப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சர்வர் உயிரோடு இருக்கும்போதே கணக்கை வேறு சர்வருக்கு மாற்றியதால் பின்தொடர்பவர்கள் கூடவே வந்தார்கள். பழைய பதிவுகள் வரவில்லை. தரவிறக்கி வைக்கலாம், புதுக் கணக்கில் ஏற்ற முடியாது. சொல்லாமல் மூடியிருந்தால் அந்த ஆட்களும் போயிருப்பார்கள்.

வில்லாபுரத்திலிருந்து:
செல்லூர் அண்ணே, தமிழ் தெரிந்த அட்மின் நல்லதுதான். ஆனால் மாஸ்டடானில் தனிச்செய்திக்கு முழு மறையாக்கம் இல்லை. சர்வரை நடத்துபவர் நினைத்தால் படிக்கலாம். எங்கோ இருக்கும் கம்பெனிக்காரன் படித்தால் எனக்குப் பெரிசாகத் தோன்றாது. என் சித்தப்பா மகனோடு டீ குடிக்கிற பையன் படிக்க முடியும் என்றால்? அவன் நல்லவன்தான், இருந்தாலும்.

அதனால் ஜெர்மன் சர்வர் ஒன்றில் கணக்கு வைத்திருக்கிறேன். எல்லாச் சர்வரும் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் பேசிக்கொள்வதால் மதுரை ஆட்களை அங்கிருந்தே பின்தொடர முடிகிறது. தமிழில் வசவு வந்தால் அங்கே படித்துப் புரிந்துகொள்ள ஆள் இல்லை. நானே பிளாக் செய்துகொள்கிறேன்.