தோசைக்கல்லில் ஓடும் தண்ணீர்ச் சொட்டு: யாராவது கவனித்திருக்கிறீர்களா?

திண்ணைவாசி
எல்லார் வீட்டு அடுப்பிலும் நடப்பதுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். மாவு எடுக்கப் போன நேரத்தில் இரும்புக்கல் நன்றாகக் காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்தேன். சுர்ரென்ற சத்தமே இல்லை. முத்து முத்தாக உருண்டு, கல்லின் நடுப்பள்ளத்தில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. சேர்ந்த சொட்டு துடிக்க ஆரம்பித்தது பாருங்கள்! வட்டமாக இருந்தது ஐந்து இதழாக விரிகிறது, சுருங்குகிறது, மறுபடி விரிகிறது. மாவை மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் அடுப்பைச் சின்னதாக வைத்தேன். கொஞ்ச நேரத்தில் படபடவென்று கொதித்து, கண்மூடித் திறப்பதற்குள் காணவில்லை. சூடு அதிகமாக இருக்கும்போது தாக்குப்பிடித்த தண்ணீர், சூடு குறைந்ததும் எப்படிப் போனது? இதுதான் குடைந்துகொண்டே இருக்கிறது.

கல்முன்னால்
தம்பி, ஓட்டலில் தோசை மாஸ்டராக நின்றவன் நான். சொட்டு ஓடினால் மாவு ஊற்றக் கூடாது. பட்ட இடத்திலேயே வெந்து, கரண்டியோடு சுருண்டு வந்துவிடும். அதற்குத்தான் தண்ணீர் விட்டுத் துடைப்பத்தால் தள்ளுவது, சூடு இறங்கும். நான் சொல்ல வந்தது வேறு. கடையில் கல் பெரிசு, நடுவில்தான் நெருப்பு. ஒரு நாள் காலையில் நடுவில் விழுந்த சொட்டு ஒன்று சத்தமில்லாமல் ஓரம் வரைக்கும் ஓடியது. ஓரத்தைத் தொட்டதும் சுர்ர், ஆள் இல்லை. ஒரே கல், ஒரே தண்ணீர். அன்றிலிருந்து காலையில் முதல் தண்ணீர் தெளிக்கும்போது அந்த ஓரத்தைத்தான் பார்ப்பேன்.

சாக்பீஸ்
மாஸ்டர் சொன்ன அந்த ஓரத்தில்தான் விடையே இருக்கிறது. கல் மிகவும் சூடாக இருந்தால், சொட்டின் அடிப்பகுதி தொட்ட கணத்தில் ஆவியாகி, மேலே இருக்கிற தண்ணீரைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. சொட்டு கல்லைத் தொடுவதில்லை, ஆவி மெத்தையில் மிதக்கிறது. அந்த மெத்தையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் 10-இல் ஒரு பங்கு அளவுதான் வரும். ஆனால் தண்ணீரோடு ஒப்பிட்டால் நீராவி வெப்பம் கடத்துவது 20 மடங்குக்கும் மேல் குறைவு. அதனால்தான் சொட்டு நிற்கிறது. சூடு குறைந்தால் ஆவி போதாது, சொட்டு கல்லில் உட்கார்ந்துவிடும், அவ்வளவுதான். ஜெர்மனியில் லைடன்ஃப்ராஸ்ட் என்ற மருத்துவர் 1756-இலேயே இதை எழுதி வைத்துவிட்டார். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் ஒரு சொட்டு விட்டு, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஊசல் ஆடுவதைக் கொண்டு கணக்குப் பார்த்தாராம்.

நான் பார்த்தது கல்லூரியில். திரவ நைட்ரஜன் கொண்டுவந்திருந்தார்கள், மைனஸ் 196 டிகிரி. கொஞ்சம் தரையில் சிந்தியது. வெறும் சிமெண்ட் தரைதான். சொட்டுகள் சிதறி பெஞ்சுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு ஓடின, எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டோம். அந்தத் திரவத்துக்கு நம் தரையே காய்ந்த தோசைக்கல்! எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. தண்ணீருக்கு மட்டும் ஏறக்குறைய 200 டிகிரி வேண்டும்.

பட்டறைவீடு
டீச்சர், 200 என்று ஒரே எண்ணாகச் சொல்லிவிட முடியாது. வழவழப்பான இரும்பில் ஒரு மாதிரி, சொரசொரப்பில் வேறு மாதிரி. எங்கள் அப்பாவுக்குக் கொல்லுப்பட்டறை. பழுத்த கோடாலியைத் தொட்டியில் முக்கும்போது கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறேன். இரும்பைச் சுற்றி வெள்ளி பூசின மாதிரி ஒரு உறை, தண்ணீர் அதற்கு வெளியேதான் நிற்கும். பிறகு அந்த உறை ஓர் இடத்தில் கிழியும். கிழிந்ததும் தொட்டியே அதிரும். அப்பா கோடாலியை ஒரே இடத்தில் வைத்திருக்க மாட்டார், மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருப்பார். ஆட்டாவிட்டால் ஒரு பக்கம் பதம் ஏறும், இன்னொரு பக்கம் ஏறாது என்பார். ஆவியைப் பற்றி அவரிடம் யாரும் சொன்னதில்லை. கை தெரிந்து வைத்திருந்தது.

வெங்காயத்தாள்
எங்கள் நாத்தனார் வீட்டில் மாஸ்டர் சொன்ன மாதிரிதான் செய்தார்கள். நன்றாகக் காய்ந்த வார்ப்பிரும்புக் கல்லில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர். டங்கென்று ஒரு சத்தம், நடுவில் கீறல் விழுந்துவிட்டது. கடைக் கல் தடிமன், தாங்கும். வீட்டில் யாரும் செய்யாதீர்கள். அடுப்பைக் குறைத்து ஒரு நிமிடம் பொறுங்கள், கையால் தெளித்தால் போதும். தெளித்துவிட்டுப் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேயுங்கள். கல்லைக் கம்பி நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. கழுவினதும் துணியால் துடைத்து, அடுப்பில் ஈரம் போகக் காட்டி, துளி எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள். புதுக்கல் என்றால் எண்ணெய் தடவிக் காய்ச்சி ஆறவிடுவதைப் பலமுறை செய்தால்தான் படியும். சப்பாத்திக்கு வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, நான்ஸ்டிக்கில் இந்தச் சொட்டு விளையாட்டே வேண்டாம். வெறுமனே காய விட்டால் சூடு எங்கே போய் நிற்கும் என்று தெரியாது, 260 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பூச்சு கெட ஆரம்பித்துவிடும். திண்ணைவாசி தம்பி, உங்கள் கல் எந்தக் கல்?

திண்ணைவாசி
வார்ப்பிரும்புதான் அக்கா, பாட்டி காலத்துக் கல், கீறல் எதுவும் இல்லை. மாஸ்டர், இன்று ஓரத்தைக் கவனித்தேன், நீங்கள் சொன்னபடியே நடந்தது. ஆனால் ஒன்று, சொட்டு எந்தப் பக்கம் விட்டாலும் கைப்பிடிப் பக்கமாகவே ஓடுகிறது. அது ஏன்?

பட்டறைவீடு
உராய்வே இல்லாமல் மிதக்கிற சொட்டு, துளி சரிவு இருந்தாலும் ஓடும். கல்லை அரைச்சுற்று திருப்பி வைத்துப் பாருங்கள். கைப்பிடிப் பக்கமே மறுபடி ஓடினால் கல்லில் கோணல், பழைய திசையிலேயே ஓடினால் அடுப்பில் கோணல்.