180 பேர் கொண்ட வகுப்பில் இணையவழித் தேர்வை நம்பலாமா?

தாம்பரம்_இயற்பியல்:
வணக்கம். தாம்பரத்தை அடுத்த பொறியியல் கல்லூரி ஒன்றில் முதலாமாண்டுக்கு இயற்பியல் எடுக்கிறேன். மூன்று பிரிவுகளைச் சேர்த்து 180 பேரை ஒரே அரங்கில் உட்கார வைக்கிறார்கள். வாராந்திரத் தேர்வைக் கூகுள் படிவத்துக்கு மாற்றியதில் விடைத்தாள் திருத்தும் சுமை தீர்ந்தது உண்மைதான். ஆனால் சென்ற வாரம் ஹைகன்ஸ் என்ற அறிவியலாளரின் பெயரை 31 பேர் ஒரே எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்கள். விடை வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கிறது. இதற்கு வழி உண்டா?

கிண்டி_மூடுல்:
கல்லூரியில் மூடுல் என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருள் இருந்தால், அதில் மாறிகளை வைத்து அமைக்கும் கணக்கு வினாக்களைப் பயன்படுத்துங்கள். தனி ஊசலின் அலைவுக் காலத்தைக் கேட்கிறீர்கள் என்றால், ஒருவருக்கு நீளம் 0.64 மீட்டர், பக்கத்தில் இருப்பவருக்கு 0.81 மீட்டர் என்று வரும். முதலாமவரின் விடை ஏறத்தாழ 1.61 வினாடி, அடுத்தவருடையது 1.81. எண்ணைப் பகிர்ந்து பயனில்லை. சூத்திரத்தைப் பகிர்ந்துகொண்டால், போகட்டும், அதையாவது கற்றார்கள் என்று விட்டுவிடலாம். 20 மதிப்புகள் மட்டும் கொடுத்தால் ஒரே எண் சுமார் ஒன்பது பேருக்கு வரும் என்பதால் தாராளமாகக் கொடுங்கள். முதல் பருவத்தில் வினா வங்கி தயாரிப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடையாறு_ஓய்வு:
மதிப்பெண்ணுக்காக வைக்கும்வரை காப்பி அடிப்பது நிற்காது என்பது என் அனுபவம். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்திலிருந்து கையாண்ட முறையில், பாடத்தின் நடுவே கருத்து வினா ஒன்றைக் கேட்டு, தனித்தனியே விடை பெற்று, பிறகு பக்கத்திலிருப்பவரோடு வாதாடவிட்டு, மீண்டும் விடை கேட்பார்கள். வாதாடிய பிறகு சரியான விடை கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். இதற்குப் பிளிக்கர்ஸ் எனும், குறியீடு அச்சிட்ட அட்டைகள் போதும்: மாணவர் அட்டையைத் திருப்பி மேலே வரும்படி பிடிக்கும் பக்கமே விடை; ஆசிரியரின் கைபேசி கேமரா மட்டும் அதைப் படிக்கும். மாணவர்களிடம் கைபேசியே வேண்டாம்.

தாம்பரம்_இயற்பியல்:
நன்றி. அந்த அட்டைத் தொகுப்பில் 63 அட்டைகளுக்கு மேல் இல்லையே?

அடையாறு_ஓய்வு:
மூவருக்கு ஓர் அட்டை கொடுத்தால் 60 போதும். முதல் சுற்றுக்கு மட்டும் ஒவ்வொருவரும் தன் விடையை நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் மூவரில் ஒருவர் யோசிக்க, மற்ற இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். அட்டைகளைப் பளபளப்பாக லேமினேஷன் செய்துவிடாதீர்கள். குழல்விளக்கின் ஒளி பட்டால் கேமரா தடுமாறும். தடித்த தாளில் அச்சிட்டாலே போதும்.