ஊசி, சாயம், பயம்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் அம்மா

நானே ஆரம்பிக்கிறேன். 2017 பிப்ரவரியில் என் மகள் யுகேஜி. பள்ளியிலிருந்து ஒரு தாள் கொடுத்தனுப்பினார்கள். தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊசி, 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் என்று இருந்தது. தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகா, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில்தான் அந்த இயக்கம் முதலில் தொடங்கியது. பயம் அங்கேதான் முளைத்தது. “ஏன் தெற்கே மட்டும் முதலில்? நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை பண்ணுகிறார்களா?” என்று ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றியது. பெண்பிள்ளைக்குப் போட்டால் பின்னாளில் குழந்தை தங்காது என்று இன்னொன்று.

நான் படிக்காதவள் இல்லை, பி.எஸ்சி. வேதியியல். ஆனால் நான் பிறந்தது ஒரு ரசாயனத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஊரில். ராத்திரி ஜன்னலைச் சாத்தினாலும் அழுகின முட்டை நாற்றம் வீட்டுக்குள் வரும். கேட்டால் “ஒன்றும் ஆகாது, பாதுகாப்பானதுதான்” என்பார்கள். அப்படிக் கேட்டே வளர்ந்தவளுக்கு, பள்ளித் தாளிலும் ‘பாதுகாப்பானது’ என்ற அதே வார்த்தையைப் பார்த்ததும் மனசு ஒட்டவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. வகுப்பு ஆசிரியையிடம் கேட்டேன். “எல்லாரும் போடுறாங்க, நீங்களும் கையெழுத்துப் போடுங்கம்மா” என்றார். நான் போடவில்லை. அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை.

ஒன்பதாம் மாதத்தில் போடவேண்டிய ஊசியும், திருப்பூருக்கும் கடலூருக்கும் அலைந்ததில் ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது.

அடுத்த கோடையில் அவளுக்குக் காய்ச்சல். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, நாலாம் நாள் காதுக்குப் பின்னாலிருந்து பொரிப்பொரியாகப் பரவியது. மாமியார் பார்த்ததும் “மணல்வாரி” என்றார், தட்டம்மையைத்தான் அப்படிச் சொல்வார்கள். வாசலில் வேப்பிலை செருகினோம், தாளிப்பதை நிறுத்தினோம். அம்மை போட்ட வீட்டில் ஆஸ்பத்திரி பேச்சை எடுக்கக்கூடாது என்றார். நானும் இருந்தேன், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குள் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. நிமோனியா. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தோம். வைட்டமின் ஏ மருந்தை அடுத்தடுத்து இரண்டு நாள் வாயில் ஊற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். இடது காதில் சீழ் வந்து வந்து, இன்றைக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் மந்தம்.

என்னைத் திட்டுவதற்காக யாரும் எழுத வேண்டாம். அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்கு ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பதில் சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். உங்களுக்கு என்ன நடந்தது?

ஓய்வுபெற்ற செவிலியர், பண்ருட்டி வட்டம்

தங்கச்சி, உங்களைத் திட்ட எனக்கு வாய் வராது. கிராம சுகாதார செவிலியராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவள் நான். அந்தப் பத்து நிமிடம் எங்களிடம் இருக்காது. ஒரு பள்ளியில் ஒரே நாளில் இருநூறு, முந்நூறு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அதே 2017-ல் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அவளைப் பார்த்துப் பின்னால் நின்ற ஆறு பேர் விழுந்தார்கள். அதில் நாலு பேருக்கு ஊசியே போட்டிருக்கவில்லை. காலைச் சாப்பாடு இல்லாதது ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஆனால் மத்தியானத்துக்குள் “ஊசி போட்டு ஏழு பிள்ளைகள் மயக்கம்” என்று ஊரெல்லாம் பேச்சு. பெற்றோர்கள் மதில் ஏறிக் குதித்து வந்தார்கள். நான் ஒவ்வொரு பிள்ளையையும் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது.

அதற்காக ஊசியால் எதுவுமே வராது என்று நான் சொல்ல மாட்டேன். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தன. அந்த வாரம் எனக்கு ஊசியைக் கையில் எடுக்கவே நடுங்கியது. அதற்கப்புறம்தான் ஊர் ஊராகப் போய்ப் போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்துப் போடச் சொன்னார்கள். நடந்ததை மறைக்காமல் முறையை மாற்றியதால்தான் என்னால் தொடர்ந்து அந்த வேலையைச் செய்ய முடிந்தது.

ஊசி போடப் போகிறவர்கள் இதையெல்லாம் கேளுங்கள், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். அதில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுத்திருந்தால் மருந்து சூடுபடவில்லை. இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் அதை எறிந்துவிட வேண்டும். தட்டம்மை ஊசி மருந்து பொடியாக வரும், அதைக் கரைத்து 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எப்போது கரைத்தீர்கள் என்று கேளுங்கள், நேரத்தைக் குறித்து வைத்திருப்பார்கள். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கடுமையான ஒவ்வாமை எப்போதாவது, மிக அபூர்வமாக வரும். வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும், அதற்கான மருந்தும் பக்கத்திலேயே இருக்கும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசான காய்ச்சலும் பொரியும் சில பிள்ளைகளுக்கு வரும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் தாய் பயப்பட மாட்டாள். சொல்லாமல் விட்டால் அடுத்த ஊசிக்கு வரமாட்டாள். நான் கண்டது இது.

இன்னொன்று. ரூபெல்லா பிள்ளைக்கு வந்தால் மூன்று நாளில் போய்விடும். கருவுற்ற முதல் மூன்று மாதத்துக்குள் தாய்க்கு வந்தால் பிள்ளை கண்புரையோடு, காது கேளாமல், இதயத்தில் ஓட்டையோடு பிறக்கலாம். அப்படிப் பிறந்த ஒரு குழந்தையை நான் தூக்கியிருக்கிறேன். குழந்தை தங்காது என்று பரப்பினார்களே, வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றத்தான் அந்த ஊசி.

முத்தியால்பேட்டைக்காரர், புதுச்சேரி

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். ஊசியை எதிர்ப்பவன் இல்லை, கட்டாயத்தை எதிர்ப்பவன்.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார், 17-ஆம் தேதி காலை இறந்தார். அது மாரடைப்பு, ஊசிக்குத் தொடர்பில்லை என்று நிபுணர் குழு சொன்னது அக்டோபரில். நடுவில் ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் எங்கள் தெருவில் பேச்சு அதுதான். என் அப்பாவுக்கு இருதய நோய். வேண்டாம் என்று உறுதியாக நின்றார்.

டிசம்பரில் புதுச்சேரி அரசு, 1973-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, ஊசியைக் கட்டாயமாக்கியது. நான் வேலை பார்த்த இடத்தில் “சான்றிதழ் இல்லாவிட்டால் நாளை முதல் வராதே” என்றார்கள். வீட்டுக்கு வந்த குழுவில் ஒருவர் அப்பாவிடம் குரலை உயர்த்திப் பேசினார். எழுபது வயது மனுஷர், அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வில்லியனூர் பக்கம் ஒருவர் ஊசிக்குப் பயந்து மரத்தில் ஏறிய காணொளியைப் பார்த்து ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், ஜேக்கப் புலியேல் என்ற குழந்தை மருத்துவர் போட்ட வழக்கில், யாரையும் வலுக்கட்டாயமாக ஊசி போட வைக்க முடியாது, மறுப்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவுக்குள் வரும் உரிமை என்றது. அதே தீர்ப்பு அரசின் தடுப்பூசிக் கொள்கையைத் தவறு என்று சொல்லவில்லை. பக்கவிளைவுகளைத் தனிமனிதர்களும் தெரிவிக்க வழி செய்யுங்கள் என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் அனுப்புகிறவர்கள் எனக்கு நிறைய பேர் உண்டு. இரண்டாவது பாதியை மட்டும் பேசுகிறவர்களும் உண்டு.

அப்பா கடைசியில் போட்டுக்கொண்டார். ஓர் இளம் டாக்டர் அவர் மாத்திரைச் சீட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, “ஐயா, இரத்தம் உறைகிற பிரச்சினை சிலருக்கு வந்திருக்கு, ரொம்ப அபூர்வம், இத்தனை வாரத்துக்குள்ள இந்த மாதிரி தலைவலி, வயிற்றுவலி வந்தா உடனே வாங்க” என்று சொன்னார். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. 2024-ல் அதே பக்கவிளைவு பற்றிய செய்தி பெரிதாக வந்தபோது தெருவே கொதித்தது. அப்பா மட்டும் “எனக்கு அப்பவே சொன்னாங்களே” என்று பேப்பரை மடித்து வைத்தார்.

காலாப்பட்டு விவசாயி

ஊசி பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, சாயம் பற்றிச் சொல்கிறேன்.

2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயை ஆய்வகத்தில் சோதித்தார்கள். துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் அதில் இருந்தது. புதுச்சேரியில் தடை, ஒரு வாரத்தில் தமிழ்நாட்டிலும் தடை. சரியான வேலை. கடற்கரைச் சாலையில் என் பேரனுக்கு நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

அடுத்த வருஷம் தர்பூசணி. சாயம் ஏற்றிய பழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சென்னையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் செய்து காட்டினார். பார்த்த ஜனங்கள் எல்லாப் பழமும் ஊசி ஏற்றிய பழம் என்று எடுத்துக்கொண்டார்கள். மரக்காணம் பக்கம் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் போட்டிருந்தேன். டன் பத்தாயிரத்துக்குப் பேசி முன்பணம் கொடுத்த வியாபாரி போனையே எடுக்கவில்லை. இன்னொருவர் மூவாயிரத்துக்குக் கேட்டார், வெட்டுக்கூலிக்கே காணாது. பாதியை மாட்டுக்குப் போட்டேன். பழத்தின் சிவப்பு லைகோபீன், தக்காளியில் இருக்கிற அதே நிறம். ஊசியால் துளை போட்ட பழம் இந்த வெயிலில் எத்தனை நாள் கெடாமல் தாங்கும்? இதைப் பிறகு எல்லோரும்தான் சொன்னார்கள். வெள்ளாமை போன பிறகு.

சோதிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பஞ்சு மிட்டாய்க்குச் செய்ததுபோல மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் பார்த்து, எந்தக் கடை, எந்தச் சரக்கு என்று சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் அம்மா

அக்கா, குப்பி விஷயம் இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லாதது. குறித்துவைத்துக்கொண்டேன்.

என் மகளுக்கு இப்போது 14 வயது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான ஊசியை இந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் போடப்போவதாக 2025 தமிழக பட்ஜெட்டில் அறிவித்திருந்தார்கள். அவளே ஒரு தாளில் ஏழு கேள்வி எழுதி வைத்திருக்கிறாள், முதல் கேள்வி “எனக்குக் காது மந்தம், போடலாமா?” என்பது. இந்த முறை கையெழுத்து அவள் முடிவு செய்த பிறகுதான் போடுவேன். உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை அவளைப் பண்ருட்டிக்குக் கூட்டிவரட்டுமா அக்கா?