பழைய பெட்ரோல் டேங்க்கைப் ‘பழசு மாதிரியே’ ஆக்கப் போய்…

அறுபத்தேழு:

1967 ஷெவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார், கன்வெர்டிபிள். டெட்ராய்ட் பக்கம் ஒரு கொட்டகையில் வருடக்கணக்காக நின்றதை வாங்கினேன். டேங்க்கை இறக்கி, கம்பெனியிலிருந்து வந்த அன்று இருந்த அதே மங்கல் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் திட்டம். மேல்பக்கம் முழுக்க எலிப் புழுக்கையும் துருவும், நடுவில் பழுப்பாக ஏதோ பொருக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சத்தம் வராமலிருக்க ஒட்டிய அட்டை என்று நினைத்து, டிரில்லில் வயர் பிரஷை மாட்டி ஓட்டிவிட்டேன். பாதிக்கு மேல் போன பிறகு விரல் நகமளவு துண்டு ஒன்று மடியில் விழுந்தது, திருப்பினால் எழுத்து! L7. அடுத்த எண் இருக்க வேண்டிய இடம் பிரஷில் போய்விட்டது.

தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். அது எஞ்சின் குறியீடு. L71 என்றால் 427 கன அங்குல எஞ்சின், 435 குதிரைத்திறன். L79 என்றால் 327, வெறும் 350. என் வண்டியில் இப்போது உட்கார்ந்திருப்பது யாரோ பின்னால் மாற்றிய எஞ்சின். அந்த வருட சேஸி நம்பரிலும் எஞ்சின் விவரம் கிடையாது, அது 1972இல்தான் வந்தது. ஆக வண்டி என்னவாகப் பிறந்தது என்று சொல்ல, கம்பெனியில் வண்டியின் விவரங்களை அச்சடித்து டேங்க் மேல் ஒட்டிய அந்த ஒரு காகிதம்தான் இருந்தது, அதை நானே சுரண்டிவிட்டேன். டேங்க் இப்போது அழகாக இருக்கிறது.

லெஸ்டர் எம்ஜி:

வாசிக்கவே வயிறு எரியுது அண்ணை. ஆனால் ஒன்று சொல்லட்டோ, நிறத்துக்காக மெனக்கெடுற ஆக்கள் உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு பார்க்கிறதில்லை. என்ர எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் 1964, பழைய பத்து கலன் டேங்க், பட்டியால கட்டித் தொங்குறது. முதல் வைச்சிருந்தவர் வெளியில வடிவாகக் கறுப்பு அடிச்சு, உள்ளுக்கு ஓட்டை அடைக்கிற ஏதோ சீலர் ஊத்திக் குலுக்கி வைச்சிருக்கிறார். 2021 செப்டம்பரில இங்க இங்கிலாந்தில சாதாரண பெற்றோல் E10 ஆச்சுது, பத்து வீதம் வரை எதனோல் கலந்தது. அடுத்த கோடையில மகளை ஏத்திக்கொண்டு போறன், பின்னால எஸ்யூ பெற்றோல் பம்ப் வழக்கம்போல டிக் டிக் எண்டு அடிச்சது, பிறகு மெதுவாச்சுது, பிறகு நிண்டுபோச்சு. டேங்க்கைக் கழட்டி பெற்றோல் அளவு காட்டுற சென்டர் (sender) ஓட்டைக்குள்ள கம்பியை விட்டு இழுத்தால், ஆறின பால்ல ஆடை வருமே, அப்பிடியே முழுத் தோலாகச் சுருண்டு வந்தது. மகள் அதைப் பார்த்து “அப்பா, இது உயிரோட இருக்கா?” எண்டு கேட்டாள்.

புது டேங்க் வாங்கிப் போட்டன். எம்ஜிபி டேங்க் உக்கிறது மேல்பக்கத்திலதான், பூட் தளத்துக்கும் டேங்க்குக்கும் நடுவில ஈரம் நிண்டு. கீழே படுத்துக் கிடந்து பார்த்தால் ஒண்டும் தெரியாது.

ஈயம் பூசுறவன்:

புது டேங்க் வாங்கிப் போடு என்பது ஒரு பதிலா? அப்புறம் எதற்குப் பழைய கார்? எனக்கும் ஒரு கதை உண்டு, சின்னது. ஷோவில் என் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்த பெரியவர் மூன்றே நொடியில் எழுந்து, “வெள்ளிப் பெயின்ட்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போனார். அவ்வளவுதான். இன்னும் காதில் கேட்கிறது.

விஷயத்துக்கு வருவோம். அந்தக் கால டேங்க் பலவும் காரீயமும் வெள்ளீயமும் கலந்து பூசிய இரும்புத் தகடு. நம் வீட்டு பித்தளை அண்டாவில் ஈயம் பூசி ஆறு மாதம் கழித்து ஒரு நிறம் இருக்கும், பளபளப்பு செத்து, கொஞ்சம் நீலம் கலந்த மங்கல், அதுதான் நமக்கு வேண்டியது. அலுமினிய ஸ்ப்ரே அடித்தால் புது தகர டப்பா மாதிரி மின்னும். முதலில் பூச்சு எங்கெங்கே மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். மிச்சம் இருக்கும் இடத்தில் வயர் பிரஷ், மணல் ப்ளாஸ்ட் எதுவும் கூடாது, சோப்புத் தண்ணீரும் நைலான் பேடும் போதும், ஈரத்திலேயே தேயுங்கள். உலர்ந்த தேய்ப்பில் பறப்பது காரீயத் தூள், அதைச் சட்டையோடு வீட்டுக்குள் கொண்டுபோய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது. துருப்பிடித்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து, துத்தநாகம் அதிகமுள்ள பிரைமர், அதன் மேல் இரண்டு மூன்று சாம்பல் நிறங்களைத் தூரத்திலிருந்து தூசி மாதிரி அடியுங்கள், ஒரே சீராக வரவே கூடாது. வாஷிங் சோடாக் கரைசலில் கரண்ட் விட்டுத் துரு எடுப்பவர்கள் எவர்சில்வர் கம்பியைத் தொங்கவிடாதீர்கள், குரோமிய நஞ்சு இறங்கும், சாதா இரும்புக் கம்பி போதும். ஹைட்ரஜன் வரும், திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் அளவு சென்டரின் வளையத்தைத் தட்டிக் கழற்றுவது பித்தளைத் துண்டால், இரும்பால் அல்ல…

லெஸ்டர் எம்ஜி:

அவர் காகிதம் போச்செண்டு அழுறார், நீங்கள் அண்டாவுக்கு ஈயம் பூசுறியள்.

ஹெரால்டு வீடு:

சென்னை. என்னுடையது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஸ்போர்ட்ஸ் கார் இல்லைதான், ஆனாலும் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் ஹெரால்டு சேஸியிலிருந்து வந்ததுதானே, உள்ளே விடுங்கள். டேங்க் இரண்டு வருடமாகக் காலி. முனையில் ஊசித்துளை. ரேடியேட்டர் வேலை பார்க்கும் பெரியவர் மோந்து பார்த்துவிட்டு, “தண்ணி ரொப்பிக் கொண்டா, இல்லாட்டி கொண்டாராத” என்றார். நான் கேட்கவில்லை, காலிதானே என்று வேறொரு பையனிடம் கொடுத்தேன். நெருப்பைக் கிட்டே கொண்டுபோனதும் ‘தொம்’ என்று ஒரு சத்தம், பெரிதாகக்கூட இல்லை, டேங்க் பூரி மாதிரி உப்பி நின்றது. பையனுக்குப் புருவம் மட்டும் போனது. அதற்குப் பிறகு அவன் என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

உப்பிய டேங்க்கை எந்த நிறம் அடித்தும் ஒரிஜினல் ஆக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஈயம் பூசுறவன்:

அறுபத்தேழு, உங்கள் டாக்கோமீட்டரில் சிவப்புக் கோடு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள், இரண்டு எஞ்சினுக்கும் வேறு வேறு. பானெட்டும் 427க்குத் தனி.

அறுபத்தேழு:

பார்த்தாயிற்று. மீட்டரும் பானெட்டும் எப்போதோ மாற்றியவை. எஞ்சினை மாற்றியவர் அரைகுறையாக விடுவாரா?

துண்டு பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. நேற்று ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழுக்கு அடுத்து, கிழிந்த ஓரத்தில் ஒரு கோட்டின் கீழ்நுனி தெரிகிறது. நேராக இறங்குகிறது, ஒன்றுதான் என்கிறேன் நான். லேசாக இடதுபக்கம் திரும்புகிறது, ஒன்பது என்கிறாள் வீட்டில்.