அப்பா பெயரில் முன்பின் தெரியாத இரண்டு சிம், யாராவது வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நேற்று, நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்டும் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அப்பாவின் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்துப் பார்த்தேன், அவர் பெயரில் நான்கு இணைப்புகள் காட்டுகிறது, அதில் இரண்டு எங்களுடையதே இல்லை. ஒருவருக்கு ஒன்பது சிம் வரை அனுமதி என்பதால் இது யார் கண்ணிலும் படவில்லை போல. போன வருடம் ஒரு கடையில் சிம் வாங்கும்போது "ரேகை விழல, இன்னொரு தடவை வைங்க பெரியவரே" என்று மூன்று முறை விரலை வைக்கச் சொன்னார்களாம், வயலில் உழைத்துத் தேய்ந்த விரல், அப்பாவும் நம்பி வைத்திருக்கிறார். அந்த ரேகையை வைத்துத்தான் கூடுதல் சிம் எடுத்திருப்பார்களோ என்று சந்தேகம்.

"என் எண் அல்ல" என்று கொடுத்துவிட்டேன், குறிப்பு எண்ணும் வந்தது. அப்புறம் என்ன செய்வது? அந்த எண்களை வைத்து யாராவது மோசடி செய்திருந்தால் அப்பா தலையில் விழுமே என்று இரவெல்லாம் தூக்கமில்லை. சைபர் கிரைமில் இப்போதே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து வைக்கலாமா? நம் சொந்தத் தகவல்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்தும் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் வேறு. அதுவரை கடைக்காரர் மீது எந்தச் சட்டத்தில் போவது? இதே அனுபவம் உள்ளவர்கள், வழக்கறிஞர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.