காரைக்குடி தொகுதி 2021: யார் ஓட்டு யாருக்குன்னு பூத் கணக்கில் தெரியுமா?

கழனிவாசல்காரன்:
பெண்கள், இளைஞர்கள், பட்டியல் சாதியினர் எந்தக் கட்சிக்கு அதிகம் போட்டாங்கன்னு பிரிச்சுப் பார்க்கணும். படிவம் 20 (பூத் வாரியா எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டுன்னு காட்டும் முடிவுத் தாள்), வாக்காளர் பட்டியல் ரெண்டும் கையில் இருக்கு. சேர்த்தால் வருமா?

பூத்கணக்கர்:
முதல்ல ஒண்ணு. 2021இல் காரைக்குடி இயந்திரத்தில் உதயசூரியனும் கிடையாது, இரட்டை இலையும் கிடையாது. மோதினது கையும் தாமரையும். அதனால் உங்களுக்குக் கிடைப்பது கூட்டணி ஓட்டு. 'தி.மு.க. வாக்காளர்', 'அ.தி.மு.க. வாக்காளர்'னு ஒரு வரிகூட எழுத முடியாது. பக்கத்துத் திருப்பத்தூரில் ரெண்டு சின்னமும் நேருக்கு நேர். அங்கேயும் கூட்டணிக்காரர் ஓட்டு கலந்திருக்கும், ஆனா இந்த அளவுக்குக் குழப்பாது.

பெண்கள் ஓட்டுக்கு, வாக்குச்சாவடிப் பட்டியலில் 'அனைத்து / ஆண் / பெண்' என்ற பத்தியைப் பாருங்க. ஒரே தெருக்களுக்கு ஆண் பூத், பெண் பூத் தனித்தனியா இருந்தால் அந்த ஜோடியை ஒப்பிடலாம். ஊகமில்லாத கணக்கு இது ஒண்ணுதான்.

தேவகோட்டை ரஸ்தா:
வாக்காளர் பட்டியலில் சாதி இருக்காது. பேரை வெச்சு ஊகிக்கிற வேலை வேண்டாம், தப்பும் வரும், அசிங்கமும்கூட. 2011 மக்கள்தொகைக் கணக்கில் கிராமவாரியா பட்டியல் சாதி எண்ணிக்கை இருக்கு, அதை எடுங்க. ஆனா சராசரி போட்டால் கவிழ்ந்துடும். ஒரு பூத்தில் பதிவான 1,000 ஓட்டில் 300 அவங்களுது, ஒரு சின்னம் 400 வாங்கியிருக்குன்னு வைங்க. அந்த 300 பேரில் ஒருத்தரும் போடாமலும் இருக்கலாம், அத்தனை பேரும் போட்டிருக்கவும் செய்யலாம். அதுவே 900 பேர் இருந்து சின்னம் 600 வாங்கியிருந்தால், மீதி 100ஐக் கழிச்சாலும் குறைஞ்சது 500 அவங்க ஓட்டு. இப்படி ஒரே சமூகம் அடர்த்தியா இருக்கிற பூத் மட்டும்தான் பேசும்.

பூத்கணக்கர்:
வயசும் அதே கதைதான். பட்டியலில் வயசு இருக்கு, வந்து போட்டது யாருன்னு இல்லை. செட்டிநாட்டில் இது இன்னும் மோசம்: வீடு பூட்டிக் கிடக்கும், ஆள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், பேர் மட்டும் பட்டியலில் நிற்கும். இளைஞர் ஓட்டு வேணும்னா கருத்துக்கணிப்புதான் வழி. அதிலும் 600 பேரில் 25 வயசுக்குள் 60 பேர்தான் வந்தால், பிழை கூட்டியோ குறைச்சோ 13 சதவீதப் புள்ளி போகும்.

கழனிவாசல்காரன்:
சரிங்கண்ணே. சில பூத் எண்ணோடு 'ஏ' ஒட்டியிருக்கே?

பூத்கணக்கர்:
கொரோனாவுக்காகப் பெரிய பூத்தை உடைச்சுப் போட்ட துணைச் சாவடி. ஜோடி பார்க்கும்போது மூல பூத், அதோட 'ஏ' பூத் ரெண்டு வரியையும் கூட்டிக்குங்க. தபால் ஓட்டு கடைசியில் மொத்தமா வரும், அதை எந்தப் பூத்திலும் சேர்க்காதீங்க.